ஊரே பார்த்த முழி

சங்கத்து அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் புதிதாக நாடகத்துக்கு வந்த இளவட்டம். "அண்ணே, டி.வி. போட்டிக்குப் போறது எப்படிண்ணே? நீங்கதான் போயிட்டு வந்தவுகளாச்சே" என்பார்கள். கிணற்றுக்குள் தவறி விழுந்து கயிறு கட்டித் தூக்கப்பட்டவனிடம் வந்து நீச்சல் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கும் இருக்கும். இருந்தாலும் கேட்கிற பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதல்லவா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் இசை நாடகத்தில் பபூன் என்கிற கோமாளி வேடம் கட்டினேன். முழங்கால் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டதால், ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு. இப்போது ராமநாதபுரத்தில் நாடக நடிகர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, தங்கள் ஊருக்கு நாடகம் பேசி முடிக்க வருகிறவர்களுக்கு டீ சொல்வதும் தேதி எழுதுவதும் என் உத்தியோகம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. நயினார்கோவில் பக்கம் எங்கள் அய்யா மிளகாய் போட்டார். மிளகாய் பறிக்கப் பயந்து பரமக்குடி ஜவுளிக்கடைக்கு ஓடினேன். அங்கே துணி கிழிக்கும்போது பேசிய பேச்சில் வாடிக்கையாளர் சிரித்தார்கள், ஆனால் துணி வாங்கவில்லை. முதலாளி, "ஏலே கருப்பையா, ஒனக்கு வேற தொழில் இருக்குடா" என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. பபூன் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருவான், கதாநாயகனான ராஜபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் மூன்றாவது ஊர். கொட்டகைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசிக்கொண்டே "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்டுக்கொள்வோம். மேடையில் ஏறினால் விடிகிற வரை ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் நாடகம் நகரும்.

அப்படி ஆளாளுக்கு இழுக்கும் தேரை ஓடவைக்கிறவர் ஆர்மோனியக்காரர். எங்கள் பக்கம் பூமிநாதன் வாத்தியார். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். யாரையும் பார்க்க மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். நாம் சுருதி விலகினால், சரியான கட்டையை நடுவிரலால் ஒரே ஒரு தடவை அழுத்துவார். சபையில் யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் முதுகில் ஊசி ஏற்றியது போல் இருக்கும். பபூனுக்கு அவர் இன்னொரு விதத்திலும் உயிர். பேச்சு மறந்துபோனால் பபூன் அவர் பக்கம் திரும்பி, "என்ன வாத்தியாரே, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்கலாம். அவர் கண்ணைத் திறக்காமலே ஏதாவது பதில் சொல்லுவார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நாம் கரையேறிவிடலாம். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் நான் கரையேறினேன். ஊர் என்னைச் சொந்த மூளையுள்ளவன் என்று நம்பியது.

எங்கள் தொழிலில் ஆள் தேர்வு எப்படி என்றால், விரலால்தான். சங்கம் வருடத்துக்கு ஒரு காலண்டர் போடும். அதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று வரிசை வரிசையாக எங்கள் படங்கள் இருக்கும். கோயில் திருவிழாவுக்கு நாடகம் பேச வரும் ஊர்க்காரர்கள் சுவரில் தொங்கும் காலண்டர் முன்னால் நின்று, "இந்த ஆளு, இந்தப் பொம்பள, இந்தக் கோமாளி" என்று விரல் வைப்பார்கள். எந்த வரிசையில் படம் இருக்கிறதோ அந்த வேடம்தான். அதற்கு மேல் விசாரணை கிடையாது.

பாம்பன் பாண்டிச்செல்வியின் படம் டான்ஸ் வரிசையில் இருந்தது. பதினான்கு வருடமாக அதே வரிசை.

நாடகத்தில் முதலில் மேடையேறுவது பபூனும் டான்ஸும்தான். நான் வம்பு பேசுவேன், அவள் ஆடிக்கொண்டே பதில் கொடுப்பாள். அவளுடைய அம்மா பாம்பன் கரையில் கருவாடு காயப்போடுகிறவர். "காக்கா வெரட்டுன கொரலுண்ணே இது, கச்சேரிக் கொரலு இல்ல" என்று அவளே சொல்வாள். ஆனால் ஐந்தரைக் கட்டை என்ற உச்சச் சுருதியில் நின்று அவள் ஒரு அடி பாடினால் மிருதங்கக்காரர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார். அவளுக்கு ஒரே ஆசைதான்: ஸ்திரீபார்ட் கட்ட வேண்டும், ராஜபார்ட்டோடு சரிக்குச் சரி, பாட்டிலேயே கேள்வியும் பதிலுமாகத் தர்க்கம் பாட வேண்டும். கேட்டபோதெல்லாம் பதில் ஒன்றுதான் வந்தது. "டான்ஸு டான்ஸுதேன். நாயகின்னா நெறமா, சதையா இருக்க வேணாமா?" என்றார் நாடகத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு அமைப்பாளர். அவர் நிறத்தை நான் அளந்து பார்த்தேன், புளிமூட்டை தோற்றுப்போகும்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு டி.வி. பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். யாரிடமும் சொல்லாமல் போய்ப் பாடிவிட்டு வந்தாள். எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்குப் போய்ச் சுற்றுச் சுற்றாகப் பாடினாள். சினிமாப் பாட்டு. நன்றாகத்தான் பாடினாள், நடுவர்களும் ஒவ்வொரு வாரமும், "நல்லா இருக்கு, ஆனா உங்களுக்குன்னு ஒரு அடையாளம் தெரியலையே" என்றார்கள். கடைசியில் ஆறு பேர் மிஞ்சினார்கள். அடுத்த சுற்றில் இரண்டு பேர் வெளியே போக வேண்டும். அந்தச் சுற்றுக்கு, கூடத் தொழில் செய்கிறவர் ஒருவரை அழைத்து வந்து சேர்ந்து பாட வேண்டுமாம்.

எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, நீங்க வரணும்."

"ஏத்தா, ராஜபார்ட் எத்தனை பேரு இருக்காக, அவுகளக் கூப்பிடு. நான் பாடுனா டி.வி. பொட்டி வெடிச்சிரும்."

"நீங்க பாட வேணாம். நம்ம மேடையில பேசுற மாதிரி பேசுங்க, நான் பாடிக்கிறேன். இதுல வெளிய போனேன்னா, 'டி.வி.க்குப் போயித் தோத்துட்டு வந்த டான்ஸு'ன்னு பேராயிரும்ணே. இப்ப இருக்கிறதும் போயிரும்."

"வாரேன்" என்றேன்.

சென்னையில் குளிரூட்டின அறை கொடுத்தார்கள். குளிர் தாங்காமல் வேட்டியையும் விரிப்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, நம்முடைய கைகண்ட சிரிப்புத் துணுக்கு ஒன்றை லிப்ட் இயக்குகிற பையனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து, "இறங்குங்க சார்" என்றான். நான் தங்கியிருந்தது ஐந்தாவது மாடியில்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு. நானே என் பெட்டியைத் திறந்து, முகத்துக்கு வெள்ளை பூசி, மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒப்பனை செய்கிற தம்பி ஓடிவந்து, "சார், கேமராவுக்கு இவ்ளோ வேணாம், முகம் வெளுத்துப் பேய் மாதிரி தெரியும்" என்று ஈரத்துணியால் முழுவதையும் துடைத்துவிட்டான். இருபத்து சொச்சம் வருடத்தில் அந்த வெள்ளை இல்லாமல் நான் மேடை ஏறியதே இல்லை. துணி இல்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. அடுத்து ஒருவன் வந்து சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சில் மைக்கை ஒட்டினான். "படபடன்னு ஒரு சத்தம் வருதே, என்னது?" என்று ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தான். "என் இதயம் தம்பி" என்றேன். "கொஞ்சம் குறைக்க முடியுமா சார்?" என்றான்.

நிகழ்ச்சியை நடத்துகிற பெண்ணுக்கு ரம்யா என்று பெயர். முப்பது வயது இருக்கும். நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் குரலையே உயர்த்த மாட்டாள். "நோ டென்ஷன் சார், நான் மூணுலேர்ந்து எண்ணுவேன், முடிஞ்சதும் நீங்க ஆரம்பிக்கலாம்" என்றாள். "நோ டென்ஷன்" என்று கேட்கும் வரை எனக்குப் பாதி டென்ஷன்தான் இருந்தது.

மேடை நம் ஊர்க் களத்து மேட்டைவிடப் பெரிது. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தம்பி அட்டையைத் தூக்கினால் கைதட்டினார்கள், இறக்கினால் நிறுத்தினார்கள். ரம்யா எண்ணினாள். "மூணு... ரெண்டு..." பிறகு ஒற்றை விரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன். "ஒண்ணு" சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒன்றை வாயால் சொல்ல மாட்டார்கள், விரலால்தான் சொல்வார்கள் என்பது எனக்கு யார் சொன்னது?

அதற்குள் பாட்டுக்கான இசை ஓட ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே பதிந்து வைத்த இசை. எங்கள் ஆர்மோனியம் நாம் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும். இது நமக்காகப் பொறுக்காத இசை, பஸ் மாதிரி. ஏறினால் ஏறு, இல்லாவிட்டால் நில். நான் பதறிப்போய் முதல் துணுக்கைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அட்டைக்காரத் தம்பி அட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டாவது துணுக்கு... தொண்டைவரை வந்தது, திரும்பிப் போய்விட்டது. மூளை வெறுங்களமாகக் கிடந்தது. ஒரு நெல்மணி இல்லை.

அப்போதுதான் நாடகக்காரன் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தேன். பழக்க தோஷத்தில் ஆர்மோனியம் இருக்கும் பக்கம் திரும்பி, குனிந்து ஒரு கும்பிடு போட்டு, "என்ன வாத்தியாரே, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டேன்.

அங்கே வாத்தியார் இல்லை. ஒரு கேமரா இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். கேமராவும் என்னை நெருக்கமாகப் பார்த்தது. நான் முழித்த முழி அதற்குள் அப்படியே பதிந்தது. முதல் சரணம் ஆளில்லாமல் ஓடி முடிந்தது. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன்:

"ஏத்தா... எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

ரம்யா இசையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள்.

எங்கள் மேடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் விழுந்தாலும் நாடகம் விழக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பாண்டிச்செல்வி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய் அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இல்லாத பெட்டியின் மேல் விரலை வைத்தாள். பூமிநாதன் வாத்தியார் குரலில், "ஏய் பபூனு, மறந்தது நல்லதுக்குத்தேன். ஞாபகம் இருந்திருந்தா அந்தப் பழைய சோக்கையில்ல சொல்லியிருப்ப?" என்றாள்.

எதிரே இருந்தவர்கள் அட்டை இல்லாமலே சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

"வாத்தியாரே, அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு ஓரமா நில்லு. எம் பொட்டி பாடும்."

எழுந்து நின்று பாடினாள். இசை இல்லை, தாளம் இல்லை. அவளே அந்த இடத்தில் கட்டிய வரிகள்:

வலைக்குள்ள மீனிருக்கு, வார்த்தைக்குள்ள முள்ளிருக்கு,
முள்ளெடுத்துத் தாரேன் மச்சான், மெதுவாத் தின்னுட்டுப் போ.

ஐந்தரைக் கட்டை. கூரையில் தொங்கிய விளக்குகளுக்கு மேலே போய் நின்றது குரல். நான் மெல்ல ஒரு கேள்வி போட்டேன், அவள் பாட்டில் பதில் போட்டாள். இன்னொன்று போட்டேன், அதற்கும் போட்டாள். பத்து நிமிடம் போனது. நடுவர்களில் நடுவே இருந்த அம்மா காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு வெறுங்காதோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ரம்யா வந்தாள். அதே மெல்லிய குரல். "சூப்பர் சார். ஆனா இது நிகழ்ச்சியில வராது. மியூசிக் ட்ராக்கோட மறுபடி எடுத்துக்கலாம்." மறுபடி எடுத்தார்கள். நான் எல்லாத் துணுக்கையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் இசையோடு ஒட்டிப் பாடினாள். அட்டை ஏறியது, கைதட்டினார்கள், அட்டை இறங்கியது. எனக்கே கொட்டாவி வந்தது.

நடு நாற்காலி அம்மா எழுந்து நின்றார். "நான் மதிப்பெண் போட்டது முதல் தடவைக்கு. அதைக் காட்டாம இதைக் காட்டினா, இதுக்கு வேற மதிப்பெண் போடுவேன்" என்றார். அது என்ன மதிப்பெண் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ரம்யா யோசித்தாள். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"முதல் தடவை எடுத்ததை ஒளிபரப்பணும்னா நீங்க சம்மதிக்கணும் சார். ஏன்னா நீங்க... மறந்தது, முழிச்சது எல்லாம் வரும். அதை வெட்டினா அந்தப் பொண்ணு பாடினதுக்கு அர்த்தமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

என் தொழில் வாழ்க்கையில் கஷ்டமான கட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மழையில் மேடை சரிந்திருக்கிறது, திருவிழாவில் கல்லெறி வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமில்லை. நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் வெள்ளை துடைத்த என் முகம் தெரிந்தது. பபூனுக்கு மூலதனமே வாய்தான். வாயடைத்துப்போன பபூனை நாளைக்கு எந்த ஊர் கூப்பிடும்? நயினார்கோவில் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? "நம்ம கருப்பையா பாரு, சுட்ட கத்திரிக்கா மாதிரி முழிக்கிறான்." அய்யா உயிரோடு இல்லையே என்று முதன்முதலாக நிம்மதிப்பட்டேன்.

வெளியே வந்தால் பாண்டிச்செல்வி நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஒங்க மொகம்ணே. நீங்கதான் சொல்லணும். எனக்கு மொதல்ல எடுத்ததுதான் வேணும். ஆனா சொல்ல மாட்டேன்."

"அதான் சொல்லிட்டியேத்தா!"

"சொல்லிட்டேன். ஆனா கேக்க மாட்டேன்."

"ரெண்டாவது எடுத்ததும் நல்லாத்தான இருந்துச்சு?"

இரண்டாவது தடவையை வைத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போக முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பதினான்கு வருடம் மேடையில் நான் விட்ட வம்புக்கெல்லாம் ஆடிக்கொண்டே ஈடு கொடுத்தவள். அவள் பதிலால்தான் என் வம்புக்குச் சிரிப்பு வந்தது. இதை ஒருநாளும் நான் வெளியே சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. "அந்தத் தாளக் குடுக்கச் சொல்லு. சீக்கிரம், மனசு மாறுறதுக்குள்ள" என்றேன்.

அவசரத்தில் போட்ட கையெழுத்து, நண்டு நடந்த தடம் மாதிரி விழுந்தது. ரம்யா, "இது கையெழுத்துதானே சார்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தேடிக் கண்டுபிடித்து, "வாங்க, ஒங்கள மூணாவது தடவையாக் காட்டுறாக" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தாள். முன்னோட்டம், நிகழ்ச்சி, மறு ஒளிபரப்பு என்று எல்லாவற்றிலும் என் முழி. தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு நாலு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

ஐந்தாம் நாள் தொண்டியிலிருந்து நாடகம் பேசப் போன் வந்தது. "அண்ணே, டி.வி.யில முழிச்சீகளே, அந்த முழி நம்ம ஊர்லயும் முழிக்கணும்." ஊர் ஊராக அதே கோரிக்கை. வேண்டுமென்றே முழித்துப் பார்த்தேன். அன்றைக்கு வந்த தரம் வரவே இல்லை. பயத்துக்கு ஈடான நடிப்பு கிடையாது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

பாண்டிச்செல்வி இறுதிச் சுற்றுவரை போய் மூன்றாவதாக வந்தாள். ஒவ்வொரு வாரமும் இசை இல்லாமல் ஒரு அடி பாடச் சொல்லி நடுவர்களே கேட்டார்கள். பாம்பனில் படகுக்காரர்கள் அவள் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள். பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் எழுந்து இடம் கொடுத்தார். கல்லூரி விழா, கடை திறப்பு என்று அழைப்பு வந்தது. நாடகத்துக்கும் வந்தது, கொட்டும் மழையாக வந்தது. எல்லாமே ஒரே மாதிரி:

"டி.வி. புகழ் டான்ஸ் பாண்டிச்செல்வி வேணும்."

எழுத்து பெரிதானது, வரிசை மாறவில்லை.

அவள் ஒரு தேதிகூட ஒப்புக்கொள்ளவில்லை. "ஸ்திரீபார்ட்டுன்னா வாரேன்" என்றாள். "ஸ்திரீபார்ட் வரிசையில படம் இல்லையேம்மா" என்றார்கள். சங்கத்தில் கேட்டால், ஸ்திரீபார்ட்டாக மேடை ஏறியவர்களுக்குத்தான் அந்த வரிசை என்றார்கள். மேடை ஏறினால் வரிசை, வரிசை இருந்தால் மேடை. சீசன் ஆரம்பித்து மாதங்கள் ஓடின. ஊரெல்லாம் தெரிந்த முகம், அம்மாவோடு கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தது. "எறங்கி வாத்தா, இந்த வருசம் ஆடு, அடுத்த வருசம் பாப்பம்" என்று நானே போய்ச் சொன்னேன். "அடுத்த வருசம்னு பதினாலு வருசம் ஆடிட்டேன்ணே" என்றாள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆர்மோனியக்காரர் ஒருவர், "இவளுக்கு நான் பொறுப்பு" என்று சங்கத்தில் சொன்னால் வரிசை மாறலாம். பூமிநாதன் வாத்தியாரிடம் யார் கேட்பது? டி.வி.யில் அவரைப் போலவே நடித்துக் காட்டியவள் அல்லவா? அந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் அவருக்குக் காட்சி கொடுப்பதையே நிறுத்தியிருந்தேன்.

புதுக் காலண்டருக்கான மாதிரி அச்சு சங்கத்துக்கு வந்த அன்று பகல் பதினொரு மணிக்கு வாத்தியார் பெட்டியோடு வந்தார். "பாம்பன் புள்ளைய வரச் சொல்லு" என்றார். அவள் அடுத்த பஸ்ஸில் வந்தாள், கையில் கருவாட்டு வாசனையோடு. வாத்தியார் பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

"என்னைய மாதிரி நடிச்சியாமே? பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல காட்டுச்சு."

"தப்புத்தேன் வாத்தியாரே. அந்த நேரத்துல வேற யாரும் நெனப்புல வரல."

"கண்ண மூடுனது சரி. நான் தலைய எடதுபக்கம் சாய்ப்பேன். நீ சாய்க்கல." பெட்டியில் காற்றை ஏற்றினார். "அங்கன இசைய நிப்பாட்டிட்டுப் பாடுன. கூட ஆளில்லாம பாடுறது பெருசில்ல. ராஜபார்ட் கேள்விக்கு, எம் பொட்டிக்கு, ரெண்டுக்கும் சேந்து நிப்பியா? அத நான் பாக்கணும். ஏலே கருப்பையா, நீ ராஜபார்ட்டா நில்லு."

"நானா வாத்தியாரே? எனக்குத் தர்க்கம்..."

"மறந்தா முழி. அதுதான் ஒனக்கு வருமே."

சங்க அலுவலகத்தில், டீக் கிளாஸ்களுக்கு நடுவே, கைலி கட்டிய இளவரசனாக நின்றேன். ராஜபார்ட்கள் பாடக் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கியதை எல்லாம் திரட்டிக் கேள்வி போட்டேன். அவள் பதில் பாடினாள். நான் வேண்டுமென்றே இராகத்தைத் திருப்பினேன், திரும்பினாள். முக்கால் மணி நேரம். வாத்தியாரின் நடுவிரல் கட்டையை ஒரு தடவை அழுத்தியது, இரண்டாம் தடவை அழுத்தியது, மூன்றாம் தடவை அழுத்தியது... எல்லாம் எனக்கு. அவளுக்கு ஒரு தடவைகூட இல்லை.

பெட்டியை மூடினார். மேசையில் கிடந்த மாதிரி அச்சை எடுத்து, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, டான்ஸ் வரிசையில் அவள் படத்திலிருந்து ஸ்திரீபார்ட் வரிசைவரை ஒரு அம்பு போட்டார். கீழே கையெழுத்திட்டார். பாண்டிச்செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி டீ சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டு, டீ சொல்லாமல் தெருவிலேயே நின்றேன்.

ஆனால் காலண்டர் அச்சாகிவிட்டால் மட்டும் போதாதே. ஊர்க்காரர் விரல் வைக்க வேண்டும்.

தை பிறந்து முதல் ஆட்களாகத் திருப்பாலைக்குடி பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒரு பெரியவர், இரண்டு இளைஞர்கள். நான் அன்று தற்செயலாக அங்கே இருந்தேன் என்று சொன்னால் பொய். பத்து நாளாகத் தற்செயலாக அங்கேதான் இருந்தேன். பெரியவர் காலண்டர் முன்னால் நின்றார். விரல் ராஜபார்ட் வரிசையில் ஒரு இடத்தில் நின்றது. ஸ்திரீபார்ட் வரிசைக்கு இறங்கியது. முதல் படம், இரண்டாவது படம் என்று மெல்ல ஊர்ந்தது. கடைசிப் படத்தில் நின்றது.

"இது அந்த டான்ஸு புள்ளல்ல?"

"ஆமாங்கய்யா."

"இங்கன எதுக்கு ஒட்டியிருக்கீக?"

"இனிமே இங்கனதான்யா."

"டான்ஸு புள்ளைய நாயகியாக் கூட்டியாந்தா ஊரு என்னைய என்ன சொல்லும்? விடிய விடியத் தர்க்கம் பாடணுமப்பா. தாங்குமா?"

நான் வாயைத் திறந்தேன். நூறு சிபாரிசு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். வழக்கம்போல் ஒன்றுகூட வரவில்லை. இளைஞர்களில் ஒருவன் போனை எடுத்தான். "பெரியப்பா, இதப் பாருங்க" என்று அந்தக் காட்சியை ஓடவிட்டான். முதலில் நான் வந்தேன். கும்பிட்டேன், கேட்டேன், முழித்தேன். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவள் பாடினாள். சிரிப்பு பாதியில் நின்றது. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து நிமிடமும் நின்றபடியே கேட்டார்.

முடிந்ததும் காலண்டர் பக்கம் திரும்பி, கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"தேதிய எழுதிக்கங்க."

நோட்டை எடுத்தேன். ஸ்திரீபார்ட் என்ற சொல்லையே இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து, "பபூனுக்கு யாரப் போடட்டுங்கய்யா?" என்று பணிவாகக் கேட்டேன்.

"நீயே வா. பேசவெல்லாம் வேணாம், அந்தப் புள்ள பாத்துக்கும்" என்றார்.